மெஸ் சோறும் ஓட்டை போட்ட டின்னும்

எனக்கு மெஸ் சோறு பிடிக்கும். இதை எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். ராணுவ முகாமில் சாப்பிட்டவர்கள் அதைத் திட்டித்தான் பேச வேண்டும் என்று ஓர் எழுதப்படாத விதி இருக்கிறது போல. சோறு குழைவு, குழம்பில் தண்ணி, மீனில் முள்ளைத் தவிர ஒன்றுமில்லை, இப்படி. அதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்.

இப்போது கூலாய் பக்கம் ஒரு தரவு மையத்தில் வேலை செய்கிறேன். குளிரூட்டும் பிரிவு. சில வருடங்களுக்கு முன்பு வரை செம்பனை நின்ற நிலம். கணினிகள் சூடாகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் படிப்புக்குக் கிடைத்த வேலை. போன மாதம் ஒரு மதியம் கேண்டீனில் முட்டைக்கோஸ் பிரட்டல் வைத்திருந்தார்கள். மஞ்சள் கொஞ்சம் தூக்கல், தண்ணீர் விட்டு வெந்து துவண்டுபோன கோஸ். மற்றவர்கள் அதைத் தாண்டிப்போய் ஆயாம் கோரெங் எடுத்தார்கள். நான் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்ததும் சப்பாத்துக்குள் ஈரமான காலுறையின் நினைவு வந்தது.

2017இல் ஸ்கூடாய் யூ.டி.எம்.மில் இயந்திரப் பொறியியல் சேர்ந்தபோது பாலாபெஸ்ஸிலும் சேர்ந்தேன். பல்கலைக்கழக மாணவர்களை ரிசர்வ் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கும் படை அது. வாரக் கடைசிகளில் பயிற்சி, வருடத்துக்கு ஒரு நீண்ட முகாம், மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் அஸ்கார் வத்தானியாவில் லெப்டினன் மூடா. சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நான் குளுவாங்கில் வளர்ந்தவன். குளுவாங் என்றால் பலருக்கு ரயில் நிலையத்துக் காப்பிக்கடை ஞாபகம் வரும், 1938இலிருந்து இருக்கிற கடை. எனக்கு வருவது ஹெலிகாப்டர் சத்தம். அது ராணுவ ஊர். கேம் மாஹ்கோத்தா அங்கேதான் இருக்கிறது, தரைப்படையின் விமானப் பிரிவும் அங்கேதான். பள்ளிக்கூட வகுப்பில் பாதி நேரம் ஆசிரியரின் குரலைவிட ஹெலிகாப்டரின் குரல்தான் கேட்கும். பச்சை உடுப்பு போட்டவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதை ஒருமுறை போட்டுப் பார்க்கத் தோன்றியது. அவ்வளவுதான்.

முதல் முகாமில் எங்கள் பிளாட்டூனில் நாங்கள் மூன்று பேர் இந்தியர்கள். மெஸ் என்பது தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. கையில் ஆளுக்கொரு டூலாங். சோற்றுக்கு ஒரு குழி, குழம்புக்கு ஒன்று, கோஸுக்கு ஒன்று, ஒரு துண்டு தர்பூசணிக்கு ஒன்று. வரிசையில் நகர வேண்டும், பேசக்கூடாது. உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், எழச் சொன்னால் எழ வேண்டும். இடையில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் உள்ளே போனது சோறு, போகாதது குப்பை. தே ஓ வாளியில் வரும். சீனி கரைந்து முடிக்கும் முன்பே வந்துவிடும், அதனால் வாளியின் அடியில் கிடைப்பவனுக்குத்தான் இனிப்பு.

சமையல் ஒரு சார்ஜனின் பொறுப்பில் இருந்தது. எங்கள் அப்பா வயது இருக்கும். இரண்டாம் நாள் டூலாங்கை நீட்டியபோது என் பெயர்ப்பட்டையைப் பார்த்தார். "லெம்பு தாக் மாக்கான் கான்? தெலோர் போலே?" என்றார். மாட்டிறைச்சி இருந்த இடத்தில் பொரித்த முட்டை வந்து விழுந்தது. அதற்குப் பிறகு நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, அவர் ஒருமுறைகூட மறந்ததில்லை. முட்டையின் ஓரம் கருகி மொறுமொறு என்று இருக்கும். அந்த முட்டையைக் கடைசிவரை ஒதுக்கி வைத்துச் சாப்பிடுவேன்.

ஏன் அந்தச் சோறு அவ்வளவு ருசித்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். பசி முதல் காரணம். முதுகில் மூட்டையுடன் காலை முழுக்க நடந்தவனுக்கு எதுவும் ருசிக்கும். ஆனால் பசி மட்டும் காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காவாவில் வெந்த சோற்றுக்கு ஒரு வாசனை உண்டு, வீட்டுச் சோற்றில் அது வராது. படிப்பு அதற்கு ஒரு விளக்கம் தந்தது. ஒரு பானையின் அளவை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் அதில் பிடிக்கும் சோறு 8 மடங்காகும். சூடு வெளியேறும் மேற்பரப்போ 4 மடங்குதான் ஆகும். பானை பெரிதாகப் பெரிதாகச் சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் காவாவின் நடுவில் சோறு வெந்துகொண்டேதான் இருக்கும். அடியில் காந்தல், நடுவில் குழைவு, மேலே உதிரி. ஒரே கரண்டியில் மூன்றும் வரும்.

இதே கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் பாட்டி அப்பாவைப் பெற்றவர். 1945இல் குளுவாங்குக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 13 வயதில் பால்வெட்டப் போய், முதுகு வளையும் வரை வெட்டினார். பிறகு எங்களோடு தாமானில் இருந்தார். பாட்டி எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை. போவார், மொய் எழுதச் சொல்வார், பெண்ணையும் மாப்பிள்ளையையும் கன்னத்தில் தடவிக் கொடுப்பார், பந்தி விரிக்கும்போது செருப்பைத் தேடுவார். கோயில் அன்னதானத்திலும் அப்படித்தான். திருநீறு போதும் என்பார். "ஒங்க பாட்டிக்குத் திமிரு" என்று அத்தை சொல்லும். சுத்தம் பார்க்கிறார் என்று அம்மா நினைத்திருந்தார். வீட்டுக்கு வந்து தன்னுடைய சின்ன அலுமினியப் பானையில் ஒரு சுண்டு அரிசி போட்டு வடித்து, மிளகு ரசத்தோடு சாப்பிட்டால்தான் அவருக்குச் சாப்பாடு.

எனக்கு அவர் கையால் பிடித்தது சார்டின் பிரட்டல். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், புளித்தண்ணி கொஞ்சம், கடைசியில் கறிவேப்பிலை. டின்னைத் திறக்கும் முன் பாட்டி ஒரு வேலை செய்வார். கத்தி முனையை மூடியில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டு. பக்கத்தில் இன்னொன்று. இரண்டு ஓட்டை. அதற்குப் பிறகுதான் திறப்பான். எதற்கு என்று சின்ன வயதில் கேட்டேன். "காத்து போவட்டும்டா" என்றார். நானும் உள்ளே காற்று அழுத்தம் இருக்கும் போல என்று நம்பி, ரொம்ப நாள் அதை அறிவியல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடைசி முகாம் என்ன ஆகும், பதவியேற்பு நடக்குமா என்று எதுவும் தெரியாமல் ஸ்கூடாயிலிருந்து வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் 10 கிலோ அரிசி இரண்டு மூட்டையும், 12 சார்டின் டின்னும் வாங்கினேன். ராணுவப் பயிற்சி பெற்றவன், தற்காப்பாக யோசிக்கிறேன் என்று ஒரு பெருமை வேறு. 22ஆம் தேதியிலிருந்து சாலைத் தடுப்புகளில் போலீஸோடு ராணுவமும் நின்றது. எனக்குத் தெரிந்த உடுப்பு, எனக்குத் தெரிந்த சப்பாத்து. அவர்களுக்கெல்லாம் மெஸ்ஸில் இன்று என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். வீட்டில் முடங்கியிருந்த எனக்கு அந்த வாரம் மெஸ் ஏக்கம் பிடித்துக்கொண்டது.

ஒரு மதியம் நானே சமைத்தேன். வீட்டில் இருந்ததிலேயே பெரிய சட்டியில், தேங்காய்ப்பால் தண்ணியாக விட்டு, அன்னாசிப்பூவும் பட்டையும் போட்டு, மிளகாயைக் குறைத்து ஒரு மெஸ் குழம்பு. கோஸை வேண்டுமென்றே துவள விட்டேன். முட்டையின் ஓரத்தைக் கருக்கினேன். எல்லாருக்கும் போட்டுவிட்டு, "பாட்டி, இதுதான் கேம்புல எங்களுக்குக் குடுப்பாங்க. பெரிய காவாவுல ஆக்குவாங்க. வரிசையில நின்னு வாங்கணும். சாப்பிட்டுப் பாருங்க, அவ்ளோ ருசியா இருக்கும்" என்றேன். பாட்டி தட்டைப் பார்த்தார். கை வைக்கவில்லை. வயிறு சரியில்லை என்று எழுந்து போனார்.

மார்ச் 27ஆம் தேதி சிம்பாங் ரெங்கத்தில் இரண்டு குடியிருப்புப் பகுதிகளை மூடினார்கள். நாட்டிலேயே முதன்முதலாகக் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு அங்கேதான் வந்தது. குளுவாங் மாவட்டம், எங்களுக்குப் பக்கத்து ஊர். ஏறத்தாழ 3,500 பேர். யாரும் உள்ளே போகவோ வெளியே வரவோ கூடாது, உணவுப் பொருட்கள் கொண்டுவந்து தரப்படும் என்றார்கள். தொலைக்காட்சியில் சாலைக்குக் குறுக்கே முள்கம்பிச் சுருள், பக்கத்தில் ராணுவ வீரர். பாட்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அரிசியாக் குடுப்பாங்களா, சோறாக்கிக் குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"அரிசிதான் பாட்டி. அரிசி, எண்ணெ, சாமான் எல்லாம்."

"அப்ப சரி" என்றார்.

அந்தக் கேள்வி விசித்திரமாக இருந்தது. ஆனால் வயதானவர்கள் கேட்கும் விசித்திரமான கேள்விகளில் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அம்மாவின் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். சமையலறை மேசையில் 12 டின்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மூடியிலும் இரண்டு ஓட்டை. தக்காளிச் சாறு கசிந்து மேசை முழுக்கச் சிவப்பு. பாட்டி கத்தியைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "என்னா வேல அத்த இது, எல்லாத்தையும் இப்ப என்னா பண்றது?" என்று அம்மா கத்திக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். பாட்டி என்னைப் பார்த்தார்.

"சிரிக்காத. கம்பி போட்டுட்டானுங்க. ஓட்ட போடாத டின்னு வூட்டுல இருந்தா புடிச்சிட்டுப் போயிருவானுங்க."

அன்றுதான் சொன்னார். எழுபத்தைந்து வயதில், முதல் தடவையாக.

அவசர காலத்தைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை 31இல் முடிந்தது. பிரிக்ஸ் திட்டம், புதுக்கிராமங்கள், கிட்டத்தட்ட 5 லட்சம் பேரைக் கம்பி வேலிக்குள் குடியமர்த்தியது. தேர்வுக்கு நாலு வரி. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுப்பது அந்தப் போரின் பாதி. அரிசிக்குப் பங்கீடு. பால்வெட்டப் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டை வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் தர வேண்டும், ஓட்டை விழுந்த டின்னைக் காட்டில் சேமித்து வைக்க முடியாது என்பதால். 1950களின் பிற்பகுதியில், சண்டை ஓயாத சில வட்டாரங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வீட்டில் அரிசியே வைத்திருக்கக் கூடாது. பொதுச் சமையற்கூடத்தில் மொத்தமாக ஆக்கி, தலைக்கு இவ்வளவு என்று சோறாகத் தருவார்கள். காய்ந்த அரிசி மாதக்கணக்கில் இருக்கும், சோறு ஒரு நாளில் கெட்டுவிடும்.

பொறியியல் படித்தவனுக்கு இந்தக் கணக்கின் துல்லியம் புரிகிறது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் வைத்தால் பெருகும். காவாவில் ஆக்கிய சோறு மெதுவாக ஆறும், அதாவது அதிக நேரம் வெதுவெதுப்பிலேயே இருக்கும். நான் ரசித்த அதே சூடுதான் அந்தச் சோற்றைச் சீக்கிரம் கெடுக்கவும் செய்யும். யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து, சோறு ஊசிப்போகும் வேகத்தை ஓர் ஆயுதமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பாட்டிக்கு வருடம் தெரியாது. "எனக்குப் பதினோரு வயசு" என்றார். பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் கொட்டகை. பெரிய கொப்பரை. மண்வெட்டி மாதிரி கரண்டி. மங்குத்தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். துப்பாக்கியோடு ஓர் ஆள் நிற்பான், பெயர் கூப்பிட்டால் போக வேண்டும். சாயங்காலத்துக்கு எடுத்து வைத்த சோறு புளித்துப்போகும். அவருடைய அம்மா அதில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் பழைய சோறாக்கிவிடுவார். "அது எங்களுக்குத் தெரியாதா? வெள்ளக்காரனுக்குத்தான் தெரியாது" என்று சொல்லும்போது மட்டும் பாட்டி கொஞ்சம் சிரித்தார்.

அந்தச் சமயத்தில் அவருடைய தம்பிக்கு வயிற்றுப்போக்கு. மூன்று வயது. கொப்பரைச் சோறு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வேண்டும், ஆனால் வீட்டில் ஒரு பிடி அரிசி கிடையாது. அவருடைய அம்மா யாரிடமோ வாங்கிய அரிசியைத் துணியில் முடிந்து கொண்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கேட்டில் பெண்களைச் சோதிக்கப் பெண்களையே வைத்திருந்தார்கள். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் விட்டார்கள். தம்பி பிழைத்துக்கொண்டான், எங்களுக்கெல்லாம் தெரிந்த சின்னத் தாத்தாதான் அவர்.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பாட்டி நிறுத்தினார். கதை முடிந்தது என்று நினைத்தேன். அம்மா துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அம்மாவப் புடிச்சிட்டுப் போன அன்னிக்கி நான்தான் போயி வரிசையில நின்னேன்" என்றார் பாட்டி. "அம்மா பங்கையும் சேத்துப் போட்டுட்டான். பேர அடிக்கல போல. கருவாட்டுக் கொழம்பு ஊத்துனான். நான் வர்ற வழியிலயே ஒக்காந்து தின்னுட்டேன். அம்மா பங்கையும் தின்னுட்டேன். அவ்ளோ ருசியா இருந்துச்சுடா. இன்னிக்கும் வாயில இருக்கு."

பிறகு என்னிடம், "நீ ருசியா இருக்குன்னு சொன்னது பொய்யில்ல. எனக்குத் தெரியும்" என்றார்.

நான் என்ன சொல்ல முடியும்? 22 வயதில் எனக்குப் பதில்கள் நிறைய இருந்தன, அன்றைக்கு ஒன்றுகூட உதவவில்லை. கல்யாணப் பந்திகளிலிருந்து பாட்டி எழுந்து போனதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். திமிர், சுத்தம் என்று நாங்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தோம். பெரிய பாத்திரத்துச் சோறு பிடிக்காததால் அவர் சாப்பிடாமல் இருக்கவில்லை. பிடித்துவிடும் என்றுதான் பயந்திருக்கிறார்.

ஓட்டை போட்ட டின்னை வைத்திருக்க முடியாது. பன்னிரண்டையும் அன்றே ஆக்கியாக வேண்டும். பொங்கலுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் அண்டாவை எடுத்தோம். நான் வெங்காயம் உரித்தேன், அம்மா தாளித்தார், பாட்டி பக்கத்தில் நின்று புளித்தண்ணிக்கு அளவு சொன்னார். பக்கத்து வீட்டு மக் சிக்குக்கும், எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கும், மூலை வீட்டு நேப்பாளித் தொழிலாளர்களுக்கும் வேலிக்கு மேலே பாத்திரம் போனது. முகக்கவசத்தோடு, கையை நீட்டி, கிட்ட வராமல். பாட்டிதான் கரண்டி பிடித்தார். அண்டாவிலிருந்து குழம்பைத் தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். ஆனால் சோறு மட்டும் அவருடைய சின்னப் பானையில் தனியாகத்தான் வடித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பதவியேற்பு தாமதமாக நடந்தது. உடுப்போடு வீட்டுக்கு வந்தபோது பாட்டி சட்டைக் கையைத் தொட்டுத் துணி கெட்டியா என்று பார்த்தார். "சாப்புட்டியா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. 2023இல் காலமானார். படையலில் சார்டின் பிரட்டல் வைத்தோம். அம்மா டின்னைத் திறக்கும் முன் கத்தி முனையால் இரண்டு தட்டு தட்டியதைப் பார்த்தேன்.

எனக்கு மெஸ் ஏக்கம் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று சிலகாலம் முயன்றேன். ஆனால் முன்பு தெரியாத ஒன்று இப்போது தெரியும். எனக்கு அந்த வரிசை இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்ற உறுதி இருந்தது. வீட்டில் அரிசி மூட்டை இருந்தது. மாடு சாப்பிடமாட்டேன் என்றால் முட்டை வந்தது. நான் ஏங்குவது அந்தச் சோற்றுக்கா, கவலையில்லாமல் பசித்த அந்த வயதுக்கா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

போன வருடம் வத்தானியா பயிற்சிக்குப் போயிருந்தேன். எங்கள் பிரிவில் ஆட்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அதிகாரி டூலாங் எடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காவாவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொருவனாக வந்து டூலாங்கை நீட்டினான். நான் நின்ற இடம் எது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். கடைசியில் என் முறை வந்தபோது அடிக்காந்தல்தான் மிச்சம் இருந்தது. சமையற்காரர் சுரண்டிப் போட்டு, மேலே கருவாட்டுச் சம்பால் வைத்தார்.

ருசியாகத்தான் இருந்தது.